நோட்டில் பேரை அடித்தால் மூட்டை போய்விடுமா?

பள்ளிபாளையம் சிக்கனுக்குச் சாமான் பட்டியல் ரொம்பச் சின்னது. கோழி, காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு, எண்ணெய். மசாலாத் தூள் கிடையாது. மிளகாயைக் கிள்ளி, விதையை உதறி, தோலை மட்டும் எண்ணெயில் போடுவதில்தான் எல்லாம் இருக்கிறது. பெரியம்மா முறத்தில் விதையை உதறிக்கொண்டே கேட்டார்: “ஏன் கண்ணு, ராத்திரி பூரா போனும் கையுமா உக்காந்திருந்தியே, என்னாச்சு?”

“ஒரு டேபிளை அழிச்சோமுங்க பெரியம்மா. நாலு மாசக் கணக்கு அதோட போயிருச்சு.”

“அழிச்சா போகத்தான செய்யும்?”

அங்கேதான் சிக்கல். சில டேபிளை அழித்தால் தரவு போகும், சிலதை அழித்தால் போகாது. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இதைப் பெரியம்மாவுக்கு விளக்க எனக்குக் கல்யாண மண்டபம்தான் கைகொடுத்தது.

மண்டபத்தில் அடுப்படியை ஒட்டி ஒரு ஸ்டோர் ரூம் இருக்கும். பழைய ஆட்கள் உக்கிராண அறை என்பார்கள். வாசலில் நம்பிக்கையான சொந்தக்காரர் ஒருவர் நோட்டோடு உட்கார்ந்திருப்பார். அரிசி எங்கே, தேங்காய் எங்கே என்று சமையல்காரர் அவரைத்தான் கேட்பார். உள்ளே போய்த் துழாவ மாட்டார். டேட்டா வேர்ஹவுஸ் என்பதும் இப்படி ஓர் உக்கிராணம்தான். ஃபேஸ்புக்கில் வேலை பார்த்த ஜாய்தீப் சென் சர்மாவும் ஆஷிஷ் துசூவும் உருவாக்கி, 2008-ல் பொதுவெளிக்கு வந்த ‘ஹைவ்’ இந்த ஏற்பாட்டுக்கு நல்ல உதாரணம். உண்மையான தரவு ஏதோ ஒரு ஃபோல்டரில் கோப்புகளாகக் கிடக்கும். அது மூட்டை. டேபிளின் பெயர், அதில் என்னென்ன பத்திகள், கோப்பு எந்த ஃபோல்டரில் என்ற விவரமெல்லாம் ‘மெட்டாஸ்டோர்’ என்ற தனி இடத்தில் இருக்கும். அது நோட்டு. நாம் டேபிள் டேபிள் என்று சொல்வது பெரும்பாலும் நோட்டில் இருக்கும் ஒரு வரியைத்தான்.

அந்த வரியில் இரண்டு ஜாதி உண்டு.

ஒன்று, நாமே காசு கொடுத்து வாங்கி நம் அறையில் இறக்கிய தேங்காய். இது ‘மேனேஜ்ட் டேபிள்’. பேரை அடித்தால், “இனி வேண்டாம் போல” என்று எடுபிடிப் பையன் மூட்டையையும் தூக்கிக் கொட்டிவிடுவான். அது அவனுக்கு இட்ட உத்தரவு. இன்னொன்று, மளிகைக்காரர் குடோனிலேயே இருக்கிற தேங்காய். வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று நோட்டில் குறித்திருப்போம். இது ‘எக்ஸ்டர்னல் டேபிள்’. இங்கே பேரை அடித்தால் நோட்டில் மட்டும்தான் போகும். குடோனுக்குப் போய்க் கொட்ட யாருக்கும் உரிமையில்லை.

எங்கள் ஊரில் இதற்கு இன்னும் பொருத்தமான உதாரணம் உண்டு. கூலிக்குத் தறி ஓட்டுகிறவர் வீட்டில் பாவும் நூலும் கிடக்கும். ஆனால் அது நூல் கொடுத்தவருடையது. தறியை நிறுத்தினாலும் நூலைத் தெருவில் எறிய முடியுமா?

இப்போது எங்களுக்கு நடந்தது. வேலை பார்க்கும் இடத்தின் பெயர் வேண்டாம். தினமும் வந்து சேரும் கோப்புகள் ஒரு ஃபோல்டரில் இருந்தன; அதன்மேல் ஓர் எக்ஸ்டர்னல் டேபிள். ஒரு பையன் சோதனைக்காக இன்னொரு டேபிள் உண்டாக்கி, அதே ஃபோல்டரைக் காட்டினான். ‘எக்ஸ்டர்னல்’ என்ற ஒரு சொல்லை எழுத மறந்துவிட்டான். எங்களிடம் இருந்த பழைய ஹைவ் ஏன் என்று கேட்கவில்லை. மளிகைக்காரர் குடோன் முகவரியை எழுதி, பக்கத்தில் “இது நம்முடையது” என்றும் எழுதிக்கொண்டது. சோதனை முடிந்து டேபிளை அழித்தான். எடுபிடிப் பையன் குடோனுக்கே போய்க் கொட்டிவிட்டு வந்தான்.

கொடுமை என்னவென்றால் பிழை என்று எதுவும் கத்தவில்லை. பழைய டேபிளின் பெயர் நோட்டில் அப்படியே இருந்தது. கேள்வி கேட்டால் பதிலும் வந்தது: வரிசைகள், 0. காலையில் அறிக்கை பார்த்தவர், நேற்று வியாபாரமே நடக்கவில்லையா என்று கேட்ட பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

குப்பைக்கூடையில் இருக்குமே என்று ஓடினோம். ஹைவின் கோப்புகளை வைத்திருக்கும் ஹடூப்பில் அப்படி ஒரு கூடை உண்டு. ஆனால் அதில் எத்தனை நிமிடம் வைத்திருப்பது என்ற அமைப்பு, யாரும் மாற்றாவிட்டால் 0. அதாவது கூடையே கிடையாது. யாரும் மாற்றியிருக்கவில்லை. கூடை இருந்தாலும், அழிக்கும்போது ‘பர்ஜ்’ என்று சேர்த்துச் சொன்னால் அதைத் தாண்டி நேராகக் குப்பை வண்டிக்குப் போய்விடும். கோப்பு அனுப்பியவர்களிடம் கெஞ்சி மூன்று மாதத்தை மீட்டோம். ஒரு மாதம் போனது போனதுதான்.

“அப்ப குடோன்ல இருக்கறத நம்ம நோட்டுல ஏத்தறப்பவே பாத்து எழுதோணும்” என்றார் பெரியம்மா, வெங்காயத்தை வாணலியில் போட்டபடி.

எழுதுவதோடு முடியவில்லை. ஹைவில் ‘லோட் டேட்டா’ என்று ஒரு கட்டளை. ஹடூப்புக்குள்ளேயே இருக்கும் கோப்பை அதற்குக் காட்டினால் நகலெடுக்காது, நகர்த்திவிடும். குடோனில் காட்டிய தேங்காய் நம் அறைக்கு வந்துவிடும், குடோன் காலி. ‘இன்சர்ட் ஓவர்ரைட்’ இன்னும் மோசம். சட்டியில் இருப்பதைக் கவிழ்த்துவிட்டுப் புதுக்குழம்பை ஊற்றுவது அது. ஸ்பார்க் என்ற இன்னொரு கருவியின் சொந்த வகை டேபிளில் இன்றைய தேதிக்கு மட்டும் மாற்றப்போகிறோம் என்று நினைத்து, தேதியைக் கட்டளையில் சொல்லாமல் தரவிலிருந்தே எடுத்துக்கொள்ள விட்டால், அமைப்பை மாற்றாதவரை எல்லாத் தேதிகளும் கவிழும். ஒரு கரண்டி மாற்றப்போய்ப் பத்து நாள் சாப்பாடு சாக்கடையில்.

தலைகீழாகவும் நடக்கும்: நோட்டு தொலைந்து மூட்டை பத்திரமாக இருப்பது. 2019 ஆகஸ்ட் 31-ல் வெளியான அசாம் குடிமக்கள் பதிவேடு, 19 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விடுபட்ட பட்டியல், இணையதளத்தில் காணவில்லை என்று 2020 பிப்ரவரியில் பெரிய பரபரப்பு. மேகக் கணினிச் சேவைக்கான ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் இருந்திருக்கிறது. தரவு பத்திரமாக இருக்கிறது, கண்ணுக்குத் தெரிவதில்தான் கோளாறு என்றது உள்துறை அமைச்சகம். பேரைத் தேடிப்போனவருக்கு அந்த வித்தியாசம் அப்போது எந்த விதத்தில் ஆறுதல் என்பது வேறு கேள்வி.

மூட்டையே போன கதைக்கு கிட்லேப் நிறுவனம். 2017 ஜனவரி 31 இரவு, பக்கத்துப் பக்கத்து அடுப்பில் ஒரே மாதிரி இரண்டு சட்டி. நகல் சர்வரைக் காலி செய்யப்போன பொறியாளர் அசல் சர்வரில் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடியில் நிறுத்தியும், 300 ஜிபி-யில் மிஞ்சியது சுமார் 4.5. தினசரிக் காப்புநகல் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. வேறொரு சோதனைக்காக யாரோ 6 மணி நேரம் முன்பு கையால் எடுத்து வைத்த நகல் காப்பாற்றியது.

புதிய வேர்ஹவுஸ்களில் மிச்சத்தை எடுத்துவைக்க ஃப்ரிட்ஜ் உண்டு. ஸ்னோஃப்ளேக், அழித்த டேபிளைச் சாதாரணமாக 1 நாள் வைத்திருக்கும். உயர்ந்த திட்டத்துக்குக் காசு கட்டினால் 90 நாள் வரை. பிக்குவெரியில் 7 நாள். வெள்ளிக்கிழமை அழித்ததைத் திங்கட்கிழமை கண்டுபிடிக்கிற அலுவலகங்களுக்கு அந்த 1 நாள் எதற்கு ஆகும் என்று எனக்குப் புரிந்ததில்லை.

இப்போதெல்லாம் எதை அழிக்குமுன்னும் ‘டிஸ்கிரைப் ஃபார்மேட்டட்’ போட்டு இரண்டு வரி பார்க்கிறேன். டேபிள் வகை என்ன, ஃபோல்டர் எது. பிறகு அதே ஃபோல்டரை வேறு யாராவது காட்டிக்கொண்டிருக்கிறார்களா என்று தேடுகிறேன். இந்தக் கடைசித் தேடலுக்கு எளிய வழி இல்லை. நோட்டு முழுவதையும் புரட்டவேண்டும்.

கிளம்பும்போது பெரியம்மா சிக்கனைத் தூக்குப்போசியில் போட்டுக் கொடுத்தார். மூடியிலும் அடியிலும் அவர் பேர் வெட்டியிருந்தது.

“தின்னு முடிச்சிட்டுக் கழுவி அனுப்பிரு. போன தடவை குடுத்தது இன்னும் வரல.”