கடைத்தெருவுக்கு நாயோடு போகலாமா?



தோட்டத்து வாழ்க்கையில் நாய்க்குத் தனி இடம் உண்டு. இருட்டு விலகுமுன் பால்வெட்டுக்குப் புறப்பட்ட தாய் தகப்பன்மார், லயத்து வீட்டை அந்தக் காவல்காரனை நம்பித்தான் விட்டுச் சென்றார்கள். பாம்பு வந்தாலும் காட்டுப்பன்றி வந்தாலும் முதற்குரல் அதனுடையதே. பின்னர் ரப்பர் மரங்கள் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. தோட்டத்தை விட்டுப் பலர் சிலிம் ரிவர், தஞ்சோங் மாலிம் போன்ற பட்டணங்களின் ஓரத்துத் தாமான்களுக்குக் குடிவந்தனர். நாயும் கூடவே வந்தது.

தோட்டத்தில் அவிழ்த்துவிட்ட நாயைக் கண்டால், அது யார் வீட்டு நாய் என்று சிறு பிள்ளையும் சொல்லும். பட்டணத்தில் அப்படியில்லை. அங்கே அது வெறும் நாய். மோட்டார் சைக்கிளின் பின்னால் ஓடிவரும் நாய், மளிகைக் கடை வாசலில் நமக்காகக் காத்து நிற்கிறது. நமக்கு அது அன்பின் அடையாளம். அவ்வழியே வரும் பிறருக்கோ அது அச்சம், அருவருப்பு, சில வேளைகளில் ஆபத்து. ஆகவே, கடைத்தெருவில் நாய் வளர்ப்போர் கடைப்பிடிக்க வேண்டிய முறைகளை இன்று பார்ப்போம்.

முதலில் நம் மலாய் அண்டை வீட்டாரை நினைத்துப் பார்ப்போம். அவர்கள் நாயை வெறுக்கிறார்கள் என்று நம்மில் சிலர் எண்ணுவதுண்டு. உண்மை அதுவன்று. நம் நாட்டு முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபி நெறிப்படி, நாயின் எச்சிலோ ஈரமான உடலோ பட்டால் அந்த இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும். அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். மழையில் நனைந்த நம் நாய் ஒரு மக்சிக்கின் பலகாரக் கடைமுன் உடம்பை உதறினால் என்ன ஆகும்? உடுத்திய துணியையும் தட்டையும் அவர் அம்முறைப்படி கழுவ வேண்டும். அன்றைய வியாபாரம் கெடும். தொழுகை நேரமும் நெருங்கிவிடும். நமக்கு ஒரு நொடி விளையாட்டு, அவருக்கு அரைநாள் வேலை.

2014 அக்டோபரில் பெட்டாலிங் ஜெயாவில், நாயைத் தொட்டுப் பழக விரும்புவோருக்காக ஒரு நிகழ்ச்சி நடந்தது. முஸ்லிம்களும் வந்தனர். பிறகு நாடெங்கும் பெரிய வாதம் எழுந்தது. இதிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்றே. நாயை நெருங்குவதா வேண்டாமா என்பதை அவரவர் முடிவு செய்ய வேண்டும். நம் நாய் ஓடிச்சென்று அவர்களுக்காக முடிவு செய்துவிடக் கூடாது.

அடுத்தது உணவு விற்கும் இடம். ஒட்டுக்கடை, இறைச்சி மீன் விற்கும் பசார், பசார் மாலாம் ஆகியவற்றுக்கு நாயைக் கொண்டுபோகவே வேண்டாம். நாயின் வயிற்றுப் புழுக்களின் முட்டைகள் அதன் கழிவில் உண்டு. அவை மண்ணிலும் காலடியிலும் ஒட்டிப் பிள்ளைகளின் கைக்கு வந்து சேரும். பெரிய நகரங்களில் நாய்களை அனுமதிக்கும் பேரங்காடிகள் சில உள்ளன. அங்கும் குறித்த பகுதிகளில், கட்டோடுதான் செல்லலாம். வாசலில் எழுதியிருப்பதைப் படித்தோ காவலரைக் கேட்டோ உள்ளே நுழைவதே முறை.

அப்படியானால் பின்னால் ஓடிவரும் நாயை நிறுத்துவது எப்படி? புறப்படுவதற்கு முன்பே நிழலில் கட்டித் தண்ணீரும் தீனியும் வைத்துவிடுங்கள். முதல் சில நாள்கள் தெருமுனை வரை போய் உடனே திரும்பி வாருங்கள். போனவர் வருவார் என்று அது கற்றுக்கொள்ளும். பாதி வழியில் நின்று அதட்டினால், அதையும் அது விளையாட்டென்றே கொள்ளும்.

ஊசி போடவோ மருத்துவரிடம் காட்டவோ நாயை அழைத்துச் செல்லும் நாளில், வழியில் கடைக்கும் போக நேரலாம். அப்போது வீட்டார் இருவராகச் செல்லுங்கள். ஒருவர் சாமான் வாங்கட்டும். மற்றவர் நாயோடு கடைக்கு அப்பால் நிழலில் நிற்கட்டும். கயிறு நான்கடிக்கு மேல் வேண்டாம். கடைகளின் முன்னுள்ள ஐந்தடி நடைபாதை குறுகலானது. அங்கே நாயைக் கட்டிப்போட்டால் முதியவர் கால் தடுக்கி விழுவார். பையில் பழைய நாளிதழும் பிளாஸ்டிக் பையும் இருக்கட்டும். நம் நாயின் கழிவை நாமே எடுக்க வேண்டும்.

காருக்குள் பூட்டி வைத்துவிட்டுப் போவது கொடுமை. வெயிலில் மூடிய காரின் உள்வெப்பம் 10 நிமிடத்தில் ஏறத்தாழ 10 பாகை ஏறிவிடும். நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காத நாய், நாக்கை நீட்டி மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கிறது. சுடுகாற்றில் அதுவும் பயன்படாது. பிராணிகள் நலச் சட்டம் 2015இன்படி, பிராணிகளைக் கொடுமை செய்வோருக்கு 20,000 வெள்ளி முதல் 1,00,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

உரிமத்தையும் மறந்துவிடக் கூடாது. ஊராட்சி மன்றத்தில் உரிமம் பெற்று, அந்த வில்லையைக் கழுத்துப்பட்டையில் மாட்டுங்கள். சிலிம் ரிவர் வட்டாரத்தார் தஞ்சோங் மாலிம் மாவட்ட மன்றத்தில் விசாரிக்கலாம். வில்லையில்லாமல் கடைத்தெருவில் திரியும் நாயை மன்றத்தார் பிடித்துச் செல்லக்கூடும். குறித்த நாளுக்குள் மீட்காவிட்டால் அதன் உயிருக்கே ஆபத்து. எட்டாண்டு வீட்டைக் காத்த நாய்க்கு இந்தக் கதி நேர விடலாமா?

எல்லாவற்றிலும் பெரிது வெறிநாய்க்கடி. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் இந்நோய் நாய்களிடம் தலைகாட்டியது. 2017இல் சரவாக்கில் பரவத் தொடங்கிக் குழந்தைகள் உட்படப் பலரின் உயிரைப் பறித்தது. மனிதருக்கு வரும் இந்நோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாயால் வருவது. நோய்க்குறி தோன்றிவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. ஆனால் கடிபட்டவுடன் கவனித்தால் தடுத்துவிடலாம். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். பின்னர் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் பூசி நேரத்தைப் போக்காதீர்கள். கடித்தது உங்கள் நாய் என்றால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். கடிபட்டவரை நீங்களே அழைத்துச் செல்லுங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. பிறர் நாயைத் தொடுமுன் உரியவரைக் கேளுங்கள். தெரியாத நாய் அருகில் வந்தால் ஓடாதீர்கள். கைகளைத் தொங்கவிட்டு அசையாமல் நில்லுங்கள்.

இவற்றுக்கெல்லாம் ஒரு விலக்கு உண்டு. பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய் வேலையில் இருக்கும் நாய். 2014இல் ஸ்டீவன்ஸ் சான் என்ற பார்வையற்ற அன்பர், லஷாவ்ன் என்ற வழிகாட்டி நாயோடு நம் நாட்டில் வெளியே சென்றபோது பல இடங்களில் அனுமதி மறுக்கப்பட்டார். அத்தகைய நாயைக் கண்டால் தடவவோ தீனி கொடுக்கவோ வேண்டாம். அதன் கவனம் சிதறினால் அவர் வழி தவறும். வழிவிட்டு நிற்பதே நாம் செய்யும் உதவி.

நேயர்களே, நாய்க்கு நன்றி தெரியும். கடைத்தெரு நாகரிகம் தெரியாது. அதன் பங்குக்கும் சேர்த்து நாம்தான் நடந்துகொள்ள வேண்டும். அடுத்த முறை பட்டணத்துக்குப் புறப்படுமுன் வாசலில் ஒரு நிமிடம் நின்று, நாய் கட்டியிருக்கிறதா, அருகே தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.