கடைக்குப் பூட்டு!

காலையில் வியாபாரி கடையைத் திறக்கப் போகிறார். கடை பூட்டிக் கிடக்கிறது. பூட்டியது அவர் அல்ல!

இது வீதியில் இருக்கும் கடை அல்ல. இணையச் சந்தைக் கடை. வீட்டுத் திண்ணையில் போர்வைக் கட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு, ஊர் ஊராக அனுப்பிப் பிழைப்பவர்கள் ஈரோடு பக்கம் இன்று உண்டு. தீபாவளிக்கு என்று கடன் வாங்கிச் சரக்கு எடுத்திருப்பார்கள். அந்த நேரம் பார்த்து, சந்தையை நடத்தும் கம்பெனியில் இருந்து கடிதம் வரும். "உங்கள் சரக்கு மற்றொருவர் உரிமையை மீறுவதாகப் புகார். விற்பனை நிறுத்தப்பட்டது." அவ்வளவுதான். வீட்டில் அன்று அடுப்பு எரிய மனம் வராது.

பதற்றத்தில் சிலர் கோபமாக நாலு வரி எழுதி அனுப்புகிறார்கள். சிலர் வேறு பெயரில் புதுக் கடை திறக்கிறார்கள். முதலாவது தவறு. இரண்டாவது பெருந்தவறு. விஷயம் தெரிந்தால் புதுக் கடைக்கும் பூட்டு விழும்.

என்ன புகார்?

கடிதத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். பெயர், முத்திரை பற்றிய புகார் என்றால் அது டிரேட் மார்க். 1999-ம் ஆண்டுச் சட்டம். படம், எழுத்து என்றால் பதிப்புரிமை. 1957-ம் ஆண்டுச் சட்டம். இரண்டுக்கும் பதில் ஒன்றல்ல.

படத் தகராறு சகஜம். போர்வை சொந்தப் போர்வைதான். போட்டோ அடுத்த கடைக்காரர் எடுத்தது! இதில் வாதாட ஒன்றும் இல்லை. அந்தப் படத்தை நீக்க வேண்டும். சொந்தமாகப் படம் பிடித்துப் போட வேண்டும். புகார் கொடுத்தவருக்கு மரியாதையாக எழுதி, புகாரை வாபஸ் வாங்கக் கேட்கலாம். பலர் இணங்கி விடுவார்கள்.

பெயர்த் தகராறு அப்படி அல்ல. முத்திரைக்கு உரியவரின் அசல் சரக்கை முறைப்படி வாங்கியவர், அதை மறுபடி விற்கலாம். சட்டத்தின் 30-வது பிரிவு இடம் தருகிறது. சரக்கை மாற்றியோ கெடுத்தோ விற்கக் கூடாது. ஆனால் அசல் என்று காட்டப் பில் வேண்டுமே! விற்றவர் பெயர், விலாசம், ஜி.எஸ்.டி. எண், தேதி, எண்ணிக்கை எல்லாம் அதில் இருக்க வேண்டும். துண்டுச் சீட்டில் கணக்கு எழுதி வாங்கியவர் இங்கேதான் தவிக்கிறார்.

பெயர் பதிவாகி இருக்கிறதா என்று டிரேட் மார்க் அலுவலகத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். மனுப் போட்டாலே பதிவு ஆகி விடாது. பதிவு 10 ஆண்டு செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். போர்வை, படுக்கை விரிப்புகள் 24-வது வகுப்பு. சோப்புக்குப் பதிந்த பெயரைக் காட்டிப் போர்வைக்காரரை மிரட்டினால் உடனே பயந்து விட வேண்டியதில்லை. மிகப் புகழ் பெற்ற பெயர்களுக்குத்தான் விலக்கு உண்டு. காரணம் இல்லாமல் வழக்குப் போடுவேன் என்று மிரட்டுகிறவர் மீது, 142-வது பிரிவின்படி கோர்ட்டில் நஷ்ட ஈடு கேட்கலாம்.

போலியாக இருந்தால்?

அப்போது சண்டை போடவே கூடாது. சரக்கை ஒதுக்கி வைத்து விட்டு வக்கீலைப் பார்ப்பதுதான் வழி. போலி முத்திரைச் சரக்கு விற்றால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். பவானி ஜமக்காளம் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. வேறு ஊரில் மில்லில் ஓட்டியதை அந்தப் பெயரில் விற்றாலும் வழக்கு வரும். தறிக்காரர் வயிற்றில் அடிக்கும் காரியம் அது.

சரக்கு அசல் என்றால், சந்தைக் கம்பெனிக்கு எழுதும் பதில் அரைப் பக்கம் போதும். புகார் எண், சரக்கின் எண், எங்கே எப்போது வாங்கியது, பில் நகல். கண்ணீர்க் கதை வேண்டாம். அங்கே உட்கார்ந்து பார்ப்பவர் பில்லைத்தான் தேடுகிறார்.