வளையல் அணிந்த கைக்கு ஒரு சிவப்பு மாத்திரை

ஆடிப்பூரத் திருநாளில் திருவண்ணாமலை அண்ணாமலையார் திருக்கோயிலில் பராசக்தி அம்மனுக்கு வளைகாப்பு நடைபெறும். பத்து நாள் உற்சவத்தின் நிறைவாகச் சிவகங்கைத் தீர்த்தத்தில் தீர்த்தவாரி. இரவில் உண்ணாமுலை அம்மன் சந்நிதி முன்பாகத் தீமிதி. சிவாலயத்தினுள்ளே தீமிதி காண்பது அரிது. அம்மனுக்குச் சாற்றிய வளையலைப் பிரசாதமாகப் பெறச் சூல் கொண்ட பெண்களும், மழலைச் செல்வம் வேண்டி நிற்போரும் காத்திருப்பர். பெரும்பாலும் அவர்கள் அருகில் ஒரு மாமியாரோ பாட்டியோ நின்றிருப்பார்.

அந்தப் பாட்டிக்கு இல்லத்தில் இன்னொரு பொறுப்பும் உண்டு. கர்ப்பிணி என்ன உண்ண வேண்டும், எதை விலக்க வேண்டும் என்பதை இன்றும் பல வீடுகளில் மூத்தோரே முடிவு செய்கின்றனர். மருந்துக்கடையில் டப்பா டப்பாவாக ஊட்டச்சத்து மாவு, அயல்நாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய மாத்திரைக் குப்பி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தந்த சிவப்பு மாத்திரை ஆகிய மூன்றும் ஒரே அலமாரியில் இருக்கும். விலை மிகுந்ததே சிறந்தது என்ற எண்ணத்தில், சிவப்பு மாத்திரை பிரிக்கப்படாமலே கிடந்துவிடுவதுண்டு. உண்மையில் அவற்றுள் முதன்மையானது அதுவே.

அதில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும், 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. நான்காம் மாதம் முதல் நாளொன்றுக்கு ஒன்று வீதம், குறைந்தது 180 நாட்கள் உட்கொள்ள வேண்டும் என்பது இந்திய அரசின் நெறிமுறை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், நாட்டின் கர்ப்பிணிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்களாகக் காணப்பட்டனர். பேறுகாலத்தில் குருதி இழப்பு நேர்ந்தால், தாங்கும் வலிமை அத்தகைய தாய்க்குக் குறைவு. குழந்தையும் எடை குறைந்து பிறக்கக்கூடும்.

ஃபோலிக் அமிலத்தின் கதை இந்திய மண்ணிலேயே தொடங்கியது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவ அறிஞர் 1928ஆம் ஆண்டு பம்பாய்க்கு வந்தார். ஆலைத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த ஏழைக் கர்ப்பிணிகளை ஒருவகைக் கொடிய இரத்தசோகை வாட்டிக்கொண்டிருந்த காலம் அது. கிருமியே காரணம் என்று பலர் ஐயுற்றனர். வில்ஸோ அப்பெண்கள் உண்டதையும் உண்ணாததையும் ஆராய்ந்தார். நம் நீலகிரியின் குன்னூர் ஆய்வகத்திலும் பணிபுரிந்தார். ஈஸ்ட்டிலிருந்து எடுக்கப்படும் மலிவான சாறு ஒன்று அந்நோயைத் தீர்ப்பதை 1931இல் உலகுக்கு அறிவித்தார். அதிலுள்ள சத்து எதுவென்று அப்போது எவருக்கும் தெரியாது. பத்தாண்டுகள் கழித்து, 1941இல், கீரையிலிருந்து அது பிரித்தெடுக்கப்பட்டது. இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தே ‘ஃபோலிக்’ என்ற பெயரும் வந்தது. பாட்டிமார் கீரையை வலியுறுத்தியது வீணன்று. எனினும் நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துவிட்டால் அச்சத்து பெரிதும் போய்விடும். கர்ப்பகாலத் தேவையும் மிகுதி. ஆகவே கீரையும் வேண்டும், மாத்திரையும் வேண்டும்.

இதில் காலம் முக்கியம். கருவுற்ற நான்கு வாரங்களுக்குள் சிசுவின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடித்தளமான நரம்புக்குழல் மூடிவிடுகிறது. ஃபோலிக் அமிலம் குறைந்தால் அது சரிவர மூடாமல் போகும் வாய்ப்பு கூடுகிறது. வளைகாப்பு வரை காத்திருப்பது இதற்கு உதவாது. அண்ணாமலையாரிடம் பிள்ளை வரம் வேண்டத் தொடங்கும் நாளிலேயே, மருத்துவரைக் கண்டு நாள்தோறும் 400 மைக்ரோகிராம் எடுக்கத் தொடங்குவது நல்லது.

இனி உட்கொள்ளும் முறை. இரும்பு மாத்திரையைக் காபி, தேநீர், பால் ஆகியவற்றோடு விழுங்கினால் அது உடலில் சேர்வது குறையும். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ துணைபுரியும். கால்சியம் மாத்திரையை உணவோடு, வேறொரு வேளையில் தர வேண்டும். மலம் கறுத்துப் போவது இரும்பின் இயல்பு. அஞ்சி நிறுத்த வேண்டியதில்லை. குமட்டல் மிகுந்தால் இரவு உணவுக்குப் பின் கொடுத்துப் பார்க்கலாம். பௌர்ணமி, கிருத்திகை என்று விரதம் சொல்லி மாத்திரையை நிறுத்துவோரும் உளர். கர்ப்பிணியைப் பட்டினி விரதத்துக்குச் சாத்திரம் அறிந்த பெரியோர்களே வற்புறுத்துவதில்லை.

திருநீற்றைச் சிட்டிகையளவு வாயில் இடுவது வழக்கமே. ஆனால் சாம்பல், மண், பச்சரிசி ஆகியவற்றைக் கர்ப்பிணி அள்ளி அள்ளித் தின்ன விரும்பினால், அதை மசக்கை என்று சிரித்து விட்டுவிடலாகாது. இரும்புக் குறைவின் அறிகுறியாக அது இருக்கலாம். இரத்தப் பரிசோதனை தேவை. ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழ் இருந்தால் இரத்தசோகை.

புலால் உண்ணாத குடும்பங்கள் பி12 சத்தைப் பற்றி மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். தாவர உணவில் அது இல்லை. பாலும் தயிரும் ஓரளவே தரும். அயல்நாட்டுக் குப்பிகளில் ‘ரெட்டினால்’ வடிவ வைட்டமின் ஏ இருந்தால் எச்சரிக்கை தேவை. அளவு மிஞ்சினால் சிசுவின் உறுப்புகளுக்கே ஊறு. இரண்டு மூன்று கூட்டு மாத்திரைகளைச் சேர்த்துத் தருவதும், உட்பொருள் தெரியாத லேகியங்களைத் தருவதும் கூடா. குங்குமப்பூவால் குழந்தையின் நிறம் மாறுவதில்லை. அந்தப் பணத்தில் எத்தனையோ நாளுக்குப் பாலும் பருப்பும் வாங்கலாம்.

தமிழக அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் தகுதியுடைய தாய்மாருக்கு ஊட்டச்சத்துப் பெட்டகம் கிடைக்கிறது. அங்கன்வாடியில் சத்துமாவு உண்டு. கிராம சுகாதாரச் செவிலியரிடம் பெயர் பதிந்துகொண்டால் இவற்றுக்கு வழி தெரியும்.

பிள்ளை வரம் பெற்றோர் கார்த்திகைத் தீபப் பெருவிழாவில் கரும்பில் துணி கட்டித் தொட்டிலாக்கி, அதில் குழந்தையைக் கிடத்தி மாடவீதிகளை வலம் வருவது திருவண்ணாமலையின் தனிச் சிறப்பு. பிரசவத்துக்குப் பிறகும் 180 நாட்கள் இரும்பு மாத்திரை தொடர வேண்டும் என்கிறது அதே நெறிமுறை. கரும்புத் தொட்டிலின் பின்னே நடக்கும் இளந்தாய் அன்றைய மாத்திரையை உட்கொண்டாளா என்று கேட்க, உடன் வரும் பாட்டியை விட ஏற்றவர் வேறு யார்?