டென்சிட்டியும் ஆர்த்தோவும்

மெத்தை விற்பதுதான் என் பிழைப்பு. கடைக்கு வருகிறவர்கள் விலைக்கு முன்னாலேயே கேட்பது, "தம்பி, டென்சிட்டி எவ்வளவு?" 40 என்றால் கல்லாக இருக்கும் என்று நினைப்பு. டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை, கிலோவில். மெத்தை எத்தனை காலம் உழைக்கும் என்பதற்கு அது ஓர் அடையாளம், அவ்வளவுதான். அமுக்கினால் எவ்வளவு எதிர்த்து நிற்கும் என்பது வேறு கணக்கு. 50 டென்சிட்டி மெமரி ஃபோம் கை வைத்தாலே உள்வாங்கும். (1966-இல் நாசாவுக்காக, விமான இருக்கைக்கென்று உருவானது அது. விண்வெளி வீரர்கள் படுத்த மெத்தை என்பதெல்லாம் எங்கள் ஆட்களின் கைச்சரக்கு.)

ஸ்பிரிங் மெத்தைக்கு வந்தால், போனல் ஸ்பிரிங்கில் சுருள்கள் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும்; ஒருவர் புரண்டால் பக்கத்தில் இருப்பவரும் ஆடுவார். பாக்கெட் ஸ்பிரிங்கில் ஒவ்வொரு சுருளுக்கும் தனித் துணிப்பை, அதனால் ஆட்டம் குறைவு. தேங்காய் நாரில் ரப்பர் பால் சேர்த்து அழுத்திய காயர் கெட்டி, காற்றோட்டமும் உண்டு.

'ஆர்த்தோ' என்ற பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். அது விற்பனைக்கு வைத்த பெயர், டாக்டர் சீட்டு அல்ல. செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டில் தூங்கும் வாக்கிலேயே பத்து நிமிடம் படுத்துப் பாருங்கள். நாங்கள் ஒன்றும் சொல்ல மாட்டோம்.