வீட்டுக்கு வரும் ஓவியக்கூடம்

"இந்த ஓவியமெல்லாம் நம்ம பிள்ளைங்களுக்கு எதுக்கு சார்? கணக்கும் மலாயும் நல்லாச் சொல்லிக் கொடுத்தாப் போதாதா?"

பெற்றோர் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது ஒரு தாயார் என்னிடம் கேட்ட கேள்வி இது. முந்தின வாரம் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஓர் ஆவணப்படம் காட்டியிருந்தேன். ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் உள்ள ஓவியங்களைப் பற்றிய படம் அது. அவருடைய மகள் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

கேள்வி நியாயமானதுதான். பாரிசுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் விமானம் ஏற நம்மில் எத்தனை பேருக்கு வசதி உண்டு? அதனால்தான் அந்தப் படங்கள் நமக்கு வேண்டும் என்கிறேன். நாம் போக முடியாத இடம், நம் வீட்டுக் கூடத்துக்கே வருகிறது.

வண்ணம் வந்த கதை

இவ்வகைப் படங்களில் புகழ் பெற்றது, பி.பி.சி. நிறுவனம் 1969-இல் ஒளிபரப்பிய 'சிவிலைசேஷன்' என்ற தொடர். 13 பகுதிகள். கலை அறிஞர் கென்னத் கிளார்க் ஊர் ஊராகச் சென்று விளக்கினார். பிரிட்டனில் வண்ணத் தொலைக்காட்சி தொடங்கி அப்போது இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த வண்ணத்தின் அழகைக் காட்டுவதும் தொடரின் நோக்கங்களுள் ஒன்று. ஆனால், நாகரிகம் என்று பெயர் வைத்துவிட்டு மேற்கு ஐரோப்பாவை மட்டுமே காட்டினார்கள் என்ற குறை எழுந்தது. 2018-இல் வந்த புதிய தொடருக்கு 'நாகரிகங்கள்' என்று பன்மையில் பெயர் சூட்டி, மற்றக் கண்டங்களையும் சேர்த்துக்கொண்டார்கள்.

நம் மலேசியாவுக்கு வண்ணம் வந்தது 1978-இன் இறுதியில். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் எங்கள் லயத்தில் கறுப்பு வெள்ளைப் பெட்டிதான். மோனாலிசாவை நான் முதன்முதலில் பார்த்தது சாம்பல் நிறத்தில்!

பெட்டி மறைப்பவை

வண்ணம் வந்தாலும் தொலைக்காட்சி சிலவற்றை மறைத்துவிடுகிறது. முதலாவது, அளவு. பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள மோனாலிசா இரண்டரை அடி உயரம், ஒன்றே முக்கால் அடி அகலந்தான். ஆம்ஸ்டர்டாமில், 1642-இல் ரெம்பிராண்ட் தீட்டிய 'இரவுக் காவல்' ஏறக்குறைய 12 அடி உயரம், 14 அடிக்கும் மேல் அகலம். பெட்டியில் இரண்டும் ஒரே அளவு!

பள்ளித் திடலில் சுண்ணாம்பால் இரண்டு கட்டங்கள் போட்டோம். பெரிய கட்டத்துக்குள் வகுப்பில் உள்ள 18 பேரும் நின்றும் இடம் மிச்சமிருந்தது. சின்னக் கட்டம் ஒரு பிள்ளை உட்கார்ந்ததும் நிறைந்துவிட்டது. இத்தனைக்கும், 'இரவுக் காவல்' முதலில் இன்னும் பெரியது. 1715-இல் வேறொரு கட்டடத்துச் சுவருக்குப் பொருந்தவில்லை என்று நான்கு பக்கமும் வெட்டிவிட்டார்கள்.

இரண்டாவது, குரல். வான்கோ 1890 ஜூலையில் வரைந்த 'காகங்கள் பறக்கும் கோதுமை வயல்' அவருடைய கடைசி ஓவியம் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். அதைக் கேட்டுவிட்டுப் பார்த்தால் காகங்கள் சாவுச் செய்தி கொண்டு வருவன போலத் தோன்றும். 'மர வேர்கள்' என்ற வேறோர் ஓவியமே கடைசியாக இருக்க வேண்டும் என்பது இன்றைய ஆய்வாளர் கருத்து. ஓவியம் மாறவில்லை. சொன்ன சொல்தான் மாறியது.

இதையே 1972-இல் ஜான் பெர்ஜர் என்பவர் தம் தொலைக்காட்சித் தொடரில் எடுத்துக்காட்டினார். பின்னணி இசையை மாற்றினாலே ஓவியத்தின் பொருள் மாறிவிடுவதைக் காட்டினார். பள்ளிப் பிள்ளைகளிடம் இயேசுநாதர் உணவு மேசையில் அமர்ந்திருக்கும் ஓர் ஓவியத்தைக் கொடுத்துப் பேசவிட்டார். தாடியில்லாத அந்த முகத்தைப் பார்த்து, ஆணா பெண்ணா என்று பிள்ளைகள் வாதாடினார்கள். பெரியவர்கள் கவனிக்காமல் விட்டதைப் பிள்ளைகளின் கண் கவனித்தது.

பாட்டியின் கை

நானும் அப்படியே செய்தேன். வான்கோ 1885-இல் நெதர்லாந்தின் ஒரு கிராமத்தில் வரைந்த 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' திரையில் வந்தபோது ஒலியை நிறுத்திவிட்டு, "என்ன தெரிகிறது?" என்று கேட்டேன். ஒரு மாணவி சொன்னாள்: "இவங்க கை எங்க பாட்டி கை மாதிரியே இருக்கு சார்."

அவளுடைய பாட்டி முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர். என் அம்மாவும் அப்படித்தான். பள்ளிப் பரிசளிப்பு விழாவில் பால் கறையேறிய விரல்களைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு அமர்ந்திருந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

வான்கோ அந்தக் கைகளை மறைக்கவில்லை. மண்ணைக் கிண்டிய அதே கைகள்தாம் தட்டில் கிழங்கை எடுக்கின்றன, இது நேர்மையாக உழைத்துத் தேடிய உணவு என்று தம்பிக்குக் கடிதம் எழுதினார். தோல் உரிக்காத, புழுதி படிந்த கிழங்கின் நிறத்தையே அவர்கள் முகத்துக்கும் கொடுத்தார். பழகிய ஓவியரே குறை சொன்னார். இன்று ஆம்ஸ்டர்டாமில் அந்த ஓவியத்தின் முன் உலகமே வந்து நிற்கிறது.

கேள்வி கேட்ட தாயாருக்கும் அந்த ஓவியத்தைக் கைப்பேசியில் காட்டினேன். சிறிது நேரம் உற்றுப் பார்த்தார்.

"அஞ்சு பேருக்கும் ஒரே ஒரு வெளக்குதான் சார்," என்றார்.

எத்தனையோ முறை பார்த்த எனக்கு அந்த விளக்கு வெறும் விளக்காகத்தான் தெரிந்திருந்தது.

பெற்றோர்களே, இத்தகைய படம் தொலைக்காட்சியிலோ கைப்பேசியிலோ வந்தால் நாடகத்துக்கு மாற்றிவிடாதீர்கள். பிள்ளையோடு உட்காருங்கள். ஓர் ஓவியம் வரும்போது ஒலியைச் சற்றுக் குறைத்துவிட்டு, "உனக்கு என்ன தெரிகிறது?" என்று கேளுங்கள். பிறகு உங்களுக்குத் தெரிவதையும் சொல்லுங்கள். அதற்குப் பட்டம் வேண்டியதில்லை, கண் போதும்.