ஃபைப்ரோமையால்ஜியா: வலியும் உடற்பயிற்சியும்

உடலெங்கும் மாதக் கணக்கில் வலி. அதனுடன் அயர்ச்சி, உறக்கக் குறைவு. ஆயினும் இரத்தப் பரிசோதனையிலோ எக்ஸ்ரே படத்திலோ குறை எதுவும் தென்படுவதில்லை. ஃபைப்ரோமையால்ஜியா எனப்படும் இந்நோய்க்கு ஆளானோரின் சொல்லை வீட்டாரும் மேலதிகாரிகளும் எளிதில் நம்பாததற்கு இதுவே காரணம். நரம்பு மண்டலம் வலியை மிகைப்படுத்தி உணர்வதே இந்நோயின் அடிப்படை என்பது இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்தாகும்.

வலித்தால் ஓய்வு கொள்ள வேண்டும் என்பது பொதுவான எண்ணம். 1988-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு மாறாக அமைந்தது. 20 வாரங்கள் இதயத்திற்கு வலுவூட்டும் பயிற்சி பெற்றோர், தசைகளை நீட்டும் பயிற்சி மட்டும் பெற்றோரைவிட வலியைத் தாங்கும் திறனில் மேம்பட்டிருந்தனர். 2017-இல் ஐரோப்பிய வாதநோய் வல்லுநர்கள் சிகிச்சை முறைகள் பலவற்றை ஆராய்ந்து, உடற்பயிற்சி ஒன்றை மட்டுமே வலுவாகப் பரிந்துரைத்தனர். சீனாவின் தாய்ச்சிப் பயிற்சியும் நற்பயன் அளிப்பதாக, 226 பேரிடம் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டிற்று.

எனினும் ஓர் இடர்ப்பாடு உண்டு. நலமுள்ளோருக்குப் பயிற்சி வலியுணர்வைச் சற்று நேரம் மட்டுப்படுத்தும். இந்நோயாளர் பலரிடம் அவ்விளைவு குறைவு, சிலருக்கு வலி கூடவும் செய்கிறது. தொடக்கத்திலேயே பயிற்சியைக் கைவிடுவோர் உளர். அவர்களைச் சோம்பேறிகள் என்பது அறியாமை. ஆதலின் பயிற்சி தேவையா என்பதைவிட, எந்த அளவில் தொடங்கி எவ்வளவு மெதுவாக உயர்த்துவது என்பதே இப்போது முதன்மையான ஆய்வுப் பொருளாகியுள்ளது. மருந்துச் செலவு இதில் இல்லை. ஆனால் அருகிருந்து அளவைத் திருத்தும் இயன்முறை மருத்துவர் தேவை. “நடந்து பாருங்கள்” என்று சீட்டில் எழுதிக் கொடுப்பது அதற்கு ஈடாகாது.