பதக்கமும் பயணமும்

நாடக ரசிகர் இருவர் ஓரிடத்திற் கூடுவராயின், அவர்தம் பேச்சு பெரும்பாலும் இரண்டு வினாக்களிற் சென்று நிற்கும். இவ்வாண்டுப் பரிசு யாருக்கு வாய்க்கும் என்பது ஒன்று. அந்நாடகம் நம்மூர்க்கு வருமா என்பது மற்றொன்று. 1947 முதல் வழங்கப்பெற்றுவரும் டோனி விருதைக் குறித்து அமெரிக்க ரசிகர் ஆண்டுதோறும் வாதிடுவதும் இவ்விரண்டனையேயாம். ஆங்கே விருது முன்செல்லப் பயணம் பின்தொடரும். நியூயார்க்கில் விருது பெற்ற இசை நாடகத்துக்கு வெளியூர் அரங்குகளின் கதவு எளிதில் திறக்கும். நம் தமிழ் இசை நாடகத்திலோ முறை தலைகீழாயிற்று. பயணமே முன்னது, பதக்கம் பின்னது. இதன் காரணத்தை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் நாட்டில் இசை நாடகம் இருவகையாக நடைபெற்றது. ஒன்று கம்பெனி நாடகம். அதற்கு உரிமையாளர் ஒருவர் இருப்பார். நடிகர் மாதச் சம்பளம் பெறுவர். காட்சித் திரைகளுடன் ஓர் ஊரிற் பல நாள் தங்கி நாடகம் நடத்துவர். மற்றொன்று ஸ்பெஷல் நாடகம். இதற்கு உரிமையாளரும் இல்லை, ஒத்திகையும் இல்லை. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும், பபூன் பிறிதோர் ஊரிலிருந்தும் ஓரிரவுக்கென்று தனித்தனியே அழைக்கப்பெறுவர். அன்றிரவே மேடையில் ஒருவரையொருவர் சந்திப்பர். ஹார்மோனியமும் மிருதங்கமும் முழங்க, இரவு பத்து மணியளவில் தொடங்கி விடியும்வரை ஆடிப் பாடிப் பிரிவர்.

முன்பின் ஒத்திகை பாராதார் இவ்வாறு ஒருங்கே நடித்தல் எங்ஙனம் இயலும் என்று சிலர் வினவக் கூடும். அதற்கு விடை சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) என்னும் பெயரிலே அடங்கியுள்ளது. வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் முதலிய நாடகங்களை அவர் உரையாடலும் பாட்டுமாக வரையறுத்துத் தந்தார். திருக்குறள் முதலிய நூற்களின் கருத்துக்களையும் பாமரர் காதில் விழுமாறு அவற்றில் அமைத்தார். 1918-இல் மதுரையில் அவர் நிறுவிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையிலேயே டி. கே. எஸ். சகோதரர்கள் பயின்றனர். தமிழ் நடிகர் அனைவரும் அவர்தம் நாடகங்களை மனப்பாடம் செய்தமையால், எவ்வூரார் எவ்வூராரோடும் சேர்ந்து நடித்தல் எளிதாயிற்று. அப்பெரியார் 1922 நவம்பர் 13-ஆம் நாள் இயற்கை எய்தியது அந்நாளிற் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்டிருந்த புதுவையிலாகும். அவர்தம் சமாதியும் ஆங்கே உள்ளது. ஆகவே காரைக்காலாராகிய நமக்கு அவர் அயலவர் அல்லர்.

பாடம் பொதுவாயிருத்தலால் விளைந்த மற்றொரு பயனும் உண்டு. பாடத்தை நடிகர் மட்டுமன்றி ரசிகரும் அறிவர். கதை யாதாகும் என்று அவர் காத்திருப்பதில்லை. இன்றைக்கு இவர் எவ்வாறு பாடுவார் என்றே காத்திருப்பர். வள்ளி திருமணத்தில் தினைப்புனங் காக்கும் வள்ளிக்கும் வேடனாய் வந்த முருகனுக்கும் நிகழும் தர்க்கம் இதற்குத் தக்க சான்றாகும். அப்பகுதியில் நடிகர் தம் சொந்த மதியால் வினா எழுப்பி விடை பகர்வர். பாட்டுக்குப் பாட்டு எதிருரைப்பர். சுருதி பிசகாமை, சொற்றெளிவு, சமயோசித புத்தி, விடியுமளவும் குரல் தளராமை ஆகிய நான்கினையும் எடைபோட்டு ரசிகர் தீர்ப்பளிப்பர். அத்தீர்ப்பே ஊரூராய்ப் பரவி அடுத்த அழைப்பாக மாறும். நற்பெயர் பெற்றார்க்குப் பயணம் பெருகும். இழந்தார்க்கு வீடே கதி.

இத்தகைய முன்கணிப்புக்கள் பொய்த்தலும் உண்டு. 1906-இல் செங்கோட்டையிற் பிறந்த எஸ். ஜி. கிட்டப்பா உச்ச சுருதியில் அநாயாசமாகப் பாட வல்லவர். 1908-இற் பிறந்த கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் 1926-ஆம் ஆண்டையொட்டி இலங்கையில் அவருடன் ஒரே மேடையில் நடிக்கலானார். இவ்விளம் பெண் அக்குரலுக்கு ஈடுகொடுத்தல் அரிதென்று முன்னரே சொன்னோர் இருந்தனர் என்பர். நிகழ்ந்ததோ வேறு. இருவரும் இணையற்ற ஜோடியாயினர்; வாழ்விலும் இணைந்தனர். 1933 டிசம்பரில் கிட்டப்பா தம் 27-ஆம் வயதில் மறைந்தார். அரசாங்க விருது எதனையும் அவர் கண்டிலர். சங்கீத நாடக அகாதெமியே 1953-இல்தான் தோன்றியது. அவ்வகாதெமியின் விருது டி. கே. சண்முகம் அவர்களுக்கு 1962-இல் வழங்கப்பெற்றது. சுந்தராம்பாளுக்குப் பத்மஸ்ரீ வந்தது 1970-இல். நம்மூர் அம்மையாராக அவர் திரையில் தோன்றியது 1973-இல். அரசு அளந்து பார்க்கப் பல்லாண்டு கழிந்த பெருமையை, ஊர்ப் பந்தலில் உட்கார்ந்திருந்தார் ஓரிரவிலே அளந்துவிட்டனர் என்க.

காரைக்காலின் நிலை தனித்தன்மை உடையது. 1954 நவம்பர் முதல் நாள் இந்திய ஆட்சிக்கு வந்த இச்சிறு நிலப்பகுதியின் கிழக்கே கடல். ஏனைய மூன்று பக்கமும் தமிழ்நாடு. தலைநகராகிய புதுவையோ வடக்கே சுமார் 130 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. கலைமாமணி என்னும் பட்டத்தைத் தமிழ்நாட்டரசும் வழங்கும், புதுவையரசும் வழங்கும். எனவே இங்குள்ள கலைஞர் ஒருவரைப் பற்றி, எந்த அரசின் பட்டம் இவருக்கு வரும் என்று வாதிட இடமுண்டு. ஆயினும் நடிகர் சங்கங்கள் உள்ள மதுரை, புதுக்கோட்டை முதலிய ஊர்களிலிருந்து வருவோர்க்கு எல்லைக் கல் ஒரு பொருட்டன்று. பட்டம் இரண்டாயினும் மேடை ஒன்றே.

இனிப் பயணத்தின் வருங்காலம் யாது? முற்காலத்து நடிகர், 1914-இல் தொடங்கிய தனுஷ்கோடி–தலைமன்னார் வழியே இலங்கை சென்றனர். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்க அவ்வழியும் அற்றது. ஆனால் அவர்கள் விதைத்த வித்து அழிந்திலது. காங்கேசன்துறை தந்த வி. வி. வைரமுத்து (1924–1989) அரிச்சந்திரனின் மயான காண்டத்தை நடித்து ஈழமெங்கும் புகழ் பெற்றார். அக்காங்கேசன்துறைக்கு, காரைக்காலுக்குத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டரிலுள்ள நாகப்பட்டினத்திலிருந்து 2023 அக்டோபரிற் பயணிகள் கப்பல் புறப்பட்டது. எனினும் கப்பல் மட்டும் நாடகத்தைக் கொணர்ந்துவிடாது. நடிகர்க்கு ஊதியமும், உணவும், பந்தலும், இரவெல்லாம் விழித்திருக்கும் செவிகளும் வேண்டும். அவற்றைத் தரவல்லார் ரசிகரேயன்றிப் பிறரல்லர்.

திருவிழாக்கள் பலவற்றில் இந்நாளில் இன்னிசைக் கச்சேரி இடம்பெறுகின்றது. அதனை நாம் பழிக்கவில்லை. ஆயினும் அழைப்புக் குறையுமாயின் நடிகர் வேறு தொழில் தேடுவர்; பாடம் அறிந்தார் அருகுவர்; பின்னர்ப் பட்டம் சூட்ட முனையும் அரசுக்குச் சூட்டத் தலை கிடைப்பது அரிதாகும். ஆதலால், விருது யாருக்கு என்று வாதிடும் நண்பர்கள் அவ்வாதத்தின் முடிவில், அடுத்த விழாவுக்கு யாரை அழைப்பது என்னும் வினாவையும் எழுப்புவாராக. தமிழ் பயிலும் மாணவராகிய நாம் சுவாமிகளின் நாடகம் ஒன்றையேனும் பாடமாய்க் கற்போமாயின், பந்தலில் அமர்ந்து தீர்ப்புக் கூறும் தகுதி நமக்கும் வாய்க்கும். அத்தகுதி பலர்க்கு வாய்க்கும் ஊரைத் தேடி நாடகம் தானே வரும்.